தண்ணீர் நிற்காத கேரவன்

ஊட்வாரோடு குடும்பம் நடத்திய காலத்தில் ரக்னாவுக்கு அவர் மேல் எரிச்சல் வந்ததென்றால் அதில் ஒரு நியாயம் இருந்தது. கட்டிக்கொண்டவள் எரிந்து விழாமல் வேறு யார் விழுவது? ஆனால் விவாகரத்தாகி, கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு ஊரில் குடியேறிய பிறகும் அதே மனிதனால் அதே எரிச்சல் வருவதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எல்லாம் இந்தக் கேரவனால் வந்தது. பிரிந்தபோது வீட்டை விற்றார்கள், படகை அவர் எடுத்துக்கொண்டார், பியானோவை அவள் எடுத்துக்கொண்டாள். மலைமேல் முகாமில் நிற்கிற கேரவனை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சக்கரம் இருந்தாலும் அது நகர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. பக்கவாட்டில் ஊட்வார் தன் கையால் ஆணி அடித்துக் கட்டிய மரக்கூடம் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்தால் இரண்டும் விறகுக்குத்தான் ஆகும். அதனால் காலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பனி விழுந்ததிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் ரக்னாவுக்கு, ஏனென்றால் அவளுக்குப் பனிச்சறுக்குப் பைத்தியம். பனி உருகியதிலிருந்து இலை உதிரும் வரைக்கும் ஊட்வாருக்கு, ஏனென்றால் அவருக்கு மீன் பைத்தியம். ஒரே ஒரு நிபந்தனை, ஒப்படைப்பவர் அடுத்தவரின் பருவத்துக்கு ஏற்றபடி கேரவனைத் தயார் செய்து கொடுக்க வேண்டும்.

ஈஸ்டரில் ரக்னா ஒப்படைப்பது ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். கம்பளத்தைத் தட்டி, அலமாரியைத் துடைத்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிடுவாள். ஊட்வார் ஒப்படைப்பது அப்படியில்லை. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் ஊருக்குக் கிளம்பாத சொந்தக்காரரைப் போலத்தான். எல்லாவற்றையும் செய்திருப்பார், கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரிச் செய்திருப்பார், கடைசியில் ஒன்றே ஒன்று வேலை செய்யாது. ஒரு வருஷம் கதவுப் பூட்டு. போன வருஷம் புகைபோக்கி. அதைச் சரி செய்கிறேன் என்று வருவார், போவார், மறுபடி வருவார். அவளுடைய முதல் பனி வாரம் முழுக்க அவருடைய பூட்ஸ் வாசலில் கிடக்கும்.

இந்த வருஷம் மட்டும் அப்படி ஆகக் கூடாது. சனிக்கிழமை மதியம் ஐலிவ் வருகிறார்.

ஐலிவ் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். மனைவியை இழந்தவர். ரக்னா அங்கே பாடகர் குழுவில் சேர்ந்த பிறகு பழக்கம். அவரிடம் அவளுக்குப் பிடித்த குணங்களில் முதலாவது, அவர் வீட்டில் ஒரு சுத்தியல்கூடக் கிடையாது என்பது. படம் மாட்ட வேண்டுமென்றால் செருப்புக் குதிகாலால் ஆணி அடிப்பார், அது வளைந்ததும் விட்டுவிடுவார். கருவிப்பெட்டி இல்லாத ஆண் ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கணப்பு எரிய, ஜன்னலுக்கு வெளியே பனி விழ, எதிரே ஒருவர் சும்மா உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும். எதையும் கழற்றக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் போய்ச் சேர்ந்தபோது ஊட்வார் கேரவனைச் சுற்றிக் கடைசித் தடுப்புப் பலகையைச் செருகிக்கொண்டிருந்தார். அடியில் காற்றுப் புகாதபடி நாலு பக்கமும் பாவாடை மாதிரிப் பலகை கட்டியாயிற்று. தாங்குகால்கள் தரையோடு உறைந்து ஒட்டிவிடாமல் அடியில் கட்டை வைத்தாயிற்று. கோடைக்கால கேஸை எடுத்துவிட்டுக் குளிரிலும் எரிகிற புரோபேன் சிலிண்டரை மாற்றியாயிற்று. கூரைமேல் புகைபோக்கிக்கு நீளக் குழாய்கூடப் போட்டிருந்தார். குற்றம் சொல்ல ரக்னா ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை. அது வேறு எரிச்சல்.

"எல்லாம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்ச மாதிரிதான். தண்ணி மட்டும் ஊத்திப் பாக்கணும்."

"மாதிரிதான்னா என்ன அர்த்தம்?"

"ஒரு அரை மணி நேரம், ரக்னா."

"உன் அரை மணி நேரம் எனக்குத் தெரியாதா? ஒரு அரை மணி நேரத்துல நம்ம பொண்ணு வளந்து வேலைக்கே போயிட்டா."

அவர் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். ஒரு காலில் நீலக் காலுறை, இன்னொரு காலில் சாம்பல் நிறக் காலுறை. இத்தனை வயதில் ஒரு ஜோடி சேர்த்துப் போடக்கூடத் துப்பில்லை, இதைத்தான் இவ்வளவு காலம் வைத்து மேய்த்தோம் என்று ரக்னா நினைத்துக்கொண்டாள்.

அவளே பனிவண்டியில் கேன்களை ஏற்றிக்கொண்டு பொதுக் குழாய்க்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள். தொட்டியில் ஊற்றினாள். மோட்டார் ஓடியது. கணப்பு நன்றாக எரிந்து, உள்ளே சட்டையோடு நிற்கலாம் போலக் கதகதப்பாக இருந்தது. காபிக்கு வைக்கலாம் என்று குழாயைத் திறக்கப் போனபோது கட்டிலுக்கு அடியிலிருந்து டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து கேரவனுக்குக் கீழே, யாரோ குடத்தைக் கவிழ்த்தது போலத் தண்ணீர் கொட்டியது.

"குளிர் வால்வு," என்றார் ஊட்வார்.

அது அவளுக்கும் தெரியும். வெந்நீர்க் கொதிகலன் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அந்த மூலை உறைகிற அளவுக்குக் குளிர்ந்தால் அது தானாகத் திறந்து, இருக்கிற தண்ணீரையெல்லாம் கீழே கொட்டிவிடும். இல்லாவிட்டால் தண்ணீர் உறைந்து கொதிகலன் வெடித்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணப்பு எரியும்போது அந்த மூலைக்கும் ஒரு சூட்டுக்காற்றுக் குழாய் போகிறது, அதைப் போட்டதே ஊட்வார்தான். குழாய் இருக்கும்போது வால்வு ஏன் திறக்க வேண்டும்?

"கட்டிலத் தூக்கு. நான் பாக்கறேன்."

"உள்ள பாத்தாச்சு. உள்ள ஒண்ணுமில்ல. கீழதான் எங்கயோ." சொல்லிக்கொண்டே அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கட்டிலின் மேல் அவருடைய கருவிப்பெட்டியும் சுருட்டிய மீன்வலையும் மலை மாதிரிக் கிடந்தன.

அவள் மறுபடி தண்ணீர் கொண்டுவந்தாள். மறுபடி டொக். மூன்றாம் முறை வண்டியை இழுத்துக்கொண்டு வரும்போது கொட்டிய தண்ணீரெல்லாம் படிக்குப் பக்கத்தில் கண்ணாடியாக உறைந்திருந்தது. அதில் கால் வழுக்கி ஒரு கேனோடு உட்கார்ந்தாள். ஊட்வார் பலகையைக் கழற்றிய ஓட்டை வழியாகத் தலையை நீட்டினார்.

"விழுந்துட்டியா?"

"இல்ல, களைப்பா இருந்துச்சு, சும்மா உக்காந்தேன்."

இதற்குள் பக்கத்துக் கேரவன் குன்வோர் வந்துவிட்டாள். அந்த மலைப்பக்கத்தில் யாரும் யார் கதவையும் சும்மா தட்ட மாட்டார்கள். கையில் ஒரு வேலை வேண்டும். ஏணி கேட்க வேண்டும், சர்க்கரை திருப்பித் தர வேண்டும், வழி தப்பிய பூனையைப் பற்றி விசாரிக்க வேண்டும். ஒரு வேலையும் இல்லாமல் வந்து நின்றால் ஆளுக்கு உடம்புக்கு என்னவோ என்று பார்ப்பார்கள். குன்வோர் கேஸ் ஸ்பானர் கேட்டு வந்திருந்தாள். அவளிடம் மூன்று ஸ்பானர் இருப்பது முகாமுக்கே தெரியும்.

"ஊட்வார் இன்னும் போகலையா?" என்றாள், ஸ்பானரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு.

"தண்ணி நிக்கல."

"அட. போன வருஷம் புகை இல்ல?"

"ஆமா, போன வருஷம் புகை. இந்த வருஷம் தண்ணி. அடுத்த வருஷம் கூரையே பறக்கும், நீ ஏணி கேட்டு வா."

குன்வோர் சிரித்துக்கொண்டே போனாள். சாயங்காலம் ஊட்வார் முழங்கால் நனைந்து, மூக்குச் சிவந்து, "காலைல வந்து ஒரு பைப்ப மாத்தினா சரியாயிரும்," என்று சொல்லிவிட்டுக் கீழே பள்ளத்தாக்கு ஊருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். சாவியைக் கொக்கியில் மாட்டவில்லை. ரக்னா பாத்திரத்தில் பனியை உருக்கி முகம் கழுவினாள். கழுவும்போது அவரைத் திட்டிய திட்டை எழுதினால் தேவாலயத்தில் அவளைப் பாடவிட மாட்டார்கள்.

சனிக்கிழமை அவள் எழுந்து காபி போடுவதற்குள் அவர் கேரவனுக்கு அடியில் இருந்தார். பக்கத்தில் பிளாஸ்க். "பன்னெண்டுக்குள்ள நீ கிளம்பியிருக்கணும்," என்றாள் அவள், குனிந்து. "எனக்கு ஆள் வருது." அடியில் தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு, "அரை மணி நேரம்," என்று வந்தது. அவளுக்கு அந்தப் பலகையை அப்படியே செருகி மூடிவிடலாம் போல இருந்தது.

பன்னிரண்டுக்கு ஐலிவ் வந்தார். தோளில் பனிச்சறுக்குக் கட்டை, கழுத்தில் நல்ல மஃப்ளர், முகமெல்லாம் சிரிப்பு. ஊட்வார் வெளியே தவழ்ந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு கைகொடுத்தார்.

"இவர் ஊட்வார். என் முன்னாள் புருஷன்," என்றாள் ரக்னா. "இப்ப கிளம்பறாரு."

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் ஐலிவ் மரியாதையாக. "என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?"

"குழாய்ல கோளாறு."

குழாய் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஐலிவின் முகம் மலர்ந்ததை ரக்னா பார்த்தாள். சுத்தியல் இல்லாத மனிதர்தான். ஆனால் ஆயுள் முழுக்க ஆர்கன் முன்னால் உட்கார்ந்தவர், ஆர்கன் என்றால் காற்று ஊதிப் பாடுகிற குழாய்கள்தானே. அவள் அதை யோசிக்கவே இல்லை.

"சூட்டுக்காத்துக் குழாயா, தண்ணிக் குழாயா?" என்றார் ஐலிவ். "காத்துன்னா ஒண்ணு சொல்றேன். எங்க ஆர்கன்ல ஒரு குழாய் திடீர்னு ஊமையாயிருச்சு. எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தோம். கடைசில உள்ள ஒரு வௌவால் செத்துக் கிடந்துது. அடைப்புதான் எப்பவும். நீங்க உள்ள—"

"உள்ள பாத்தாச்சு," என்றார் ஊட்வார் சட்டென்று. "கீழ வாங்க, காட்டறேன்."

"ஐலிவ், நீங்க உக்காருங்க. காபி இருக்கு," என்றாள் ரக்னா.

"ஒரே நிமிஷம். பாத்துட்டு வந்திடறேன்."

மஃப்ளரைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் பனியில் குப்புறப் படுத்தார். கேரவனுக்கு வெளியே இப்போது இரண்டு ஜோடிக் கால்கள். அடியிலிருந்து டார்ச் வெளிச்சமும் பேச்சும் வந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் வருஷக்கணக்கில் பழகியவர்கள் மாதிரிப் பேசினார்கள். ரக்னா மஃப்ளரோடு நின்றாள். இத்தனை ஆண்களில் தேடித் தேடி, வேறு மாதிரி வேண்டும் என்று கவனமாகப் பொறுக்கி, கடைசியில் அதே ஜாதியில்தான் இன்னொன்றைப் பிடித்து வந்திருக்கிறோம் என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. குன்வோர் தன் கேரவன் ஜன்னலில் இருந்து கையை ஆட்டினாள். ஸ்பானர் அவள் கையிலேயே இருந்தது.

ஆட்டுக்கறியும் முட்டைக்கோஸும் போட்டு அடுப்பில் ஏற்றிய குழம்பு கொதித்து, வெந்து, சிறு தீயில் காத்துக் கிடந்தது. கால்கள் அசையவில்லை. கடைசியில் ஐலிவ் தலையை மட்டும் நீட்டினார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ரக்னா, கம்பளிக் காலுறை ஏதாவது இருக்குமா? கால் மரத்துப்போச்சு."

"உள்ள வந்து சாப்பிட்டா மரக்காது."

"இதோ, முடிக்கப் போறோம்."

பழைய காலுறைகள் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் இருந்தன. அவள் கருவிப்பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தாள். மீன்வலையை வாசல் பக்கம் எறிந்தாள். கட்டில் பலகையைத் தூக்கிக் குனிந்தபோது, பின்மூலையில், வால்வுக்கு அந்தப் பக்கம், சாம்பல் நிறத்தில் கம்பளி நுனி ஒன்று தெரிந்தது. பெட்டியிலிருந்து விழுந்தது என்று நினைத்து இழுத்தாள். வரவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலை மடக்கி ஊன்றிப் பலமாக இழுத்தாள். குழாய் வாயிலிருந்து காலுறை கழன்று வந்தது. அதன் பின்னாலேயே சூடான காற்று புஸ்ஸென்று அவள் முகத்தில் அடித்தது.

அவள் பின்னிய காலுறை. பிரிவதற்கு முந்தின குளிர்காலத்தில் அவருக்காகப் பின்னியது. குதிகால் ஒருமுறை கிழிந்தபோது சாம்பல் நூல் கிடைக்காமல் செங்கல் நிற நூலில் தைத்திருந்தாள். அந்தத் தையல் இன்னும் கல் மாதிரி இருந்தது. எலி இழுத்து வைத்ததில்லை இது. நாலாக மடித்து, விரலால் குத்திக் குத்தி அடைத்தது. இதன் ஜோடிதான் நேற்று அவர் காலில் நீலத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

ரக்னா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது கோபம்தான். வெளியே போய் அந்தக் கால்களைப் பிடித்து இழுத்து, பனியில் போட்டு மிதிக்க வேண்டும் போலக் கோபம். தண்ணீர் சுமந்து சுமந்து அவளுடைய தோள் இன்னும் வலித்தது. பிறகு போன வருஷப் புகைபோக்கி ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின பூட்டு ஞாபகம் வந்தது. அவள் காலுறையை மடியில் விரித்து மடிப்புகளை நீவினாள்.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. மீதி இருந்த கேனை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள். வால்வை அமுக்கி மூடினாள். காத்திருந்தாள். டொக் வரவில்லை. கொதிகலன் மெல்ல உறுமத் தொடங்கியது. அப்போதும் அவர்களைக் கூப்பிடாமல் ஒரு கோப்பை காபி போட்டு, சூடாக, தனியாக, மெதுவாகக் குடித்தாள். அந்த இரண்டு நாளில் அவள் நிம்மதியாக இருந்த நேரம் அதுதான். குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவிவிட்டுத்தான் கதவைத் திறந்து, "சாப்பிட வாங்க," என்றாள்.

ஐலிவ் முதலில் வந்து கைகழுவக் குழாயைத் திறந்தார். ஆவி பறந்தது.

"அட, சுடுதண்ணி. ஊட்வார், வந்து பாருங்க. நாம சரி பண்ணிட்டோம்."

"ஆமா," என்றாள் ரக்னா. "ரெண்டு பேரும் சேந்து பண்ணிட்டீங்க."

ஊட்வார் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். இன்று இரண்டும் நீலம். நிமிர்ந்தவர் கணப்புக்கு மேலே கம்பியில் தொங்கிய சாம்பல் நிறக் காலுறையைப் பார்த்தார். கழற்றிய பூட்ஸை மறுபடி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாத மாதிரி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். மூவரும் சாப்பிட்டார்கள். ஐலிவ் மட்டும் குழாயைப் பற்றியே பேசினார். சாப்பிட்டு முடித்ததும், காரில் கேக் வைத்திருக்கிறேன், எடுத்து வருகிறேன் என்று அவர் வெளியே போனார்.

"போன வருஷம் புகைபோக்கி?" என்றாள் ரக்னா.

ஊட்வார் தட்டைப் பார்த்தார். "மூடியக் கழட்டிக் கார்ல வச்சிருந்தேன்."

"அதுக்கு முந்தி பூட்டு?"

"பூட்டு நெசமாவே கெட்டுப்போச்சு." கொஞ்சம் யோசித்து, "மொத தடவ," என்றார்.

"என் ரெண்டு நாளக் குட்டிச்சுவராக்கிட்ட. தெரியுதா உனக்கு? விழுந்து இடுப்பு நோகுது. அந்த மனுஷனப் பனியில படுக்க வச்சிட்ட."

"தெரியும்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணி?"

"பண்ணி என்ன, பேசறதுதான்."

"என்ன வேலையாக் கூப்பிட்டேன்னு கேப்ப."

கேட்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். கேட்டிருப்பாள். கோடையில் ஒருநாள் அவர் கூப்பிட்டபோது அதைத்தான் கேட்டாள். கை தவறி அமுக்கிவிட்டேன் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

"சாவியக் குடுத்துட்டா ஈஸ்டர் வரைக்கும் இந்தப் பக்கம் வர எனக்கு ஒரு வேலையும் இல்ல, ரக்னா," என்றார் ஊட்வார். "எந்தப் பக்கமுமே இல்ல."

அவர் எழுந்து பையிலிருந்து சாவியை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். கருவிப்பெட்டியையும் வலையையும் எடுத்துக்கொண்டார். கம்பியில் இருந்த காலுறைக்குக் கை நீட்டினார்.

"அத வை," என்றாள் அவள். "குதிகால்ல ஓட்ட. அப்படியே போட்டா ஒரே நாள்ல கிழிஞ்சிரும். தச்சு வைக்கிறேன். டிசம்பர் மொத சனிக்கிழமை வந்து எடுத்துக்க."

"ஒத்தக் காலுறைக்கா?"

"ஏன், வேற ஏதாவது வேல வேணுமா உனக்கு?"

அவர் தலையை ஆட்டினார். "வேணாம். இது போதும்," என்று சொல்லிப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கினார். வெளியே ஐலிவ் அவருக்குக் கைகொடுப்பதும், இரண்டு பேரும் நின்று கூரைப் புகைபோக்கியைக் காட்டி ஏதோ பேசுவதும், பிறகு கார் கிளம்புவதும் ஜன்னலில் தெரிந்தன.

ஐலிவ் கேக்கோடு வந்து உட்கார்ந்தார். ஒருவழியாக எதையும் கழற்றாமல் காபி குடித்தார். ஜன்னலுக்கு வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. ரக்னா சாம்பல் நூல் உருண்டையையும் ஊசியையும் எடுத்து வந்து காலுறையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க?"

"ஊட்வாரோட காலுறை. ஓட்டையத் தைக்கணும்."

ஐலிவ் அதை வாங்கி, உள்ளே கையை விட்டு, விளக்குக்கு நேராகத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதையும் சும்மா விட முடியாத மனிதர்.

"இதுல ஓட்டையே இல்லையே?"

"இழவு," என்றாள் ரக்னா. காலுறையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.